சாவியை மேஜைமேல் வைக்கத் தெரியாதவர்

எங்கள் தொழிலில் வேலையை விடுவது ரொம்ப சுலபம். ஓனரின் மேஜைமேல் சாவியை வைக்க வேண்டும், அவ்வளவுதான். ராஜினாமா, நோட்டீஸ் என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. சாவி மேஜையில் விழுந்தால் ஓனருக்குப் புரிந்துவிடும். கேபினில் கிடக்கும் லுங்கி, ஸ்டவ், சாமி படம் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு நாம் அடுத்த யார்டுக்கு நடக்கலாம். நான் கன்டெய்னர் லாரி ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து எத்தனை மேஜையில் சாவி வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. டிரிப்புக்குத் தருகிற படியைக் குறைத்தால் வைப்பேன். டயர் வெடித்ததற்கு என்னைத் திட்டினால் வைப்பேன். ஒருத்தன் என்னை 'டேய்' என்று கூப்பிட்டான். கையிலிருந்த டீயைக்கூடக் குடித்து முடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். எனக்குப் பெண் தேடிய காலத்தில் என் அக்கா பச்சையம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "மாப்ள எங்க வேல செய்றாருன்னு கேட்டா இன்னாடா சொல்றது அசோகா? இந்த வாரமா, அடுத்த வாரமான்னு அவங்களையே திருப்பிக் கேக்கவா?"

அந்த அக்காவைக் கட்டியவர்தான் ஜெயவேல். எனக்கு மாமா. அவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு ஓனர்தான்.

துறைமுகத்துக்குள் நுழைவதற்காக எக்ஸ்பிரஸ் ரோட்டில் கடலோரமாக வண்டிகள் வரிசை கட்டி நிற்குமே, அதில் முன்கண்ணாடியின் மேல்பக்கம் 'மகிழினி' என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய வண்டி ஒன்று இருக்கும். அது மாமாவின் வண்டி. பார்த்தீர்களா, எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. அது எபினேசர் அண்ணாச்சியின் வண்டி. மாமா அதை ஓட்டுகிறவர். ஆனால் அவர் பேச்சில் 'அண்ணாச்சி வண்டி' என்று ஒருநாளும் வராது. 'நம்ம வண்டி', 'நம்ம கம்பெனி'. கம்பெனி என்றால் பெரிதாக எதுவும் நினைத்துவிடாதீர்கள். ராயபுரத்தில் அண்ணாச்சியின் மளிகை மண்டிக்கு மேலே ஒரு அறை, ஒரு மின்விசிறி, மிளகாய் நெடி. அதற்குத்தான் இந்த 'நம்ம'.

கேபினுக்குள் செருப்போடு ஏறினால் மாமாவுக்குக் கோபம் வரும். தினமும் ஈரத்துணியால் துடைப்பார். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் ஒட்டிய எல்லா வண்டிக்கும் நடுவில் அது ஒன்று மட்டும் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி நிற்கும். டேங்கிலிருந்து ஒரு சொட்டு டீசல் எடுத்து விற்றவர் இல்லை. வரிசையில் நிற்கிற மற்ற டிரைவர்கள் அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். நானே எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். "மாமா, நீ செத்துட்டன்னா அண்ணாச்சி உனக்கு ராயபுரம் பாலத்தாண்ட ஒரு செல வெச்சுடுவாரு, நீ வேணா பாரு." அவர் சிரிப்பார். "நீ ஓடு மச்சான். நீ ஓடுற பையன். நா நிக்கிற ஆளு."

இந்த நிற்கிற புத்தி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அக்காவுக்குப் பிரசவ வலி கண்ட அன்று வியாசர்பாடி முழுக்க முழங்கால் தண்ணீர். ஆட்டோ வராது, ஆம்புலன்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. மாமா அப்போது அண்ணாச்சியிடம் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. போன் செய்தார். அண்ணாச்சி தன் ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அக்காவை ஒரு பக்கம் தாங்கிப் பிடித்து ஏற்றினார். பெண் குழந்தை பிறந்தது, மகிழினி என்று பெயர் வைத்தார்கள். அதே வாரம் அண்ணாச்சி புது டிரெய்லர் எடுத்தார். அவருடைய முதல் வண்டியில் அவர் மகள் அனிஷா பெயர் இருந்தது. இரண்டாவதில் என்ன பெயர் போடலாம் என்று கேட்டவர்களிடம், "நம்ம ஜெயவேலு மவ பேரப் போடுடே. அவன்தான ஓட்டப் போறான்" என்றாராம்.

அந்தக் கண்ணாடியைப் பார்த்து மாமா ரோட்டில் நின்று அழுதார். ஒரு டிரைவரின் மகள் பெயரை எந்த ஓனர் வண்டியில் போடுவான்? நானே அசந்துபோனேன், உண்மையைச் சொல்ல என்ன. அன்றைக்கு அழுதவர்தான், பதினேழு வருஷமாக அந்தக் கண்ணீர் காயவே இல்லை. பக்கத்து யார்டில் கூடுதல் படி கொடுத்துக் கூப்பிட்டார்கள், போகவில்லை. தூத்துக்குடி கம்பெனி ஒன்று கேட்டது, போகவில்லை. "அண்ணாச்சி இன்னா நெனைப்பாரு" என்பதுதான் எல்லாவற்றுக்கும் பதில். அண்ணாச்சி பி.எஃப். பிடித்ததில்லை, இன்சூரன்ஸ் கட்டினதில்லை, கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக்கும் ஒரு வேட்டியும் தருவார். கண்ணாடியில் ஒட்டின பெயர்தான் மாமாவுக்கு எல்லாமே.

போன கார்த்திகை மாதம் கட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு துறைமுகக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஜார்ஜ் சொன்னான். ஜார்ஜ் என் பழைய தோஸ்து, அங்கே சூப்பர்வைசர். துறைமுகச் சுவருக்குள்ளேயே கன்டெய்னரை இங்கிருந்து அங்கே நகர்த்துகிற வேலை. எட்டு மணி நேரம், கிளச் இல்லாத வண்டி, ஏசி கேபின், குடும்பத்துக்கே ஆஸ்பத்திரிச் செலவு, பர்மனென்ட். "ஆனா நாப்பத்தஞ்சு வயசுக்குள்ள கீறவனத்தான் எடுப்பாங்க. வர்ற வியாயக்கிழமை ஓட்டிக் காட்டணும். அப்பால எப்ப எடுப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது" என்றான்.

எனக்கு நாலு வருஷம் மிச்சம் இருந்தது. மாமாவுக்குத் தை மாதம் பிறந்தால் வயது தாண்டிவிடும். அதோடு அவருடைய இடது முட்டி போய்விட்டிருந்தது. வரிசையில் விட்டு விட்டு கிளச் மிதித்து மிதித்து, இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். இப்படியே இன்னும் நாலைந்து வருஷம் ஓட்டினால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் என்றால் படுக்கை, படுக்கை என்றால் வருமானம் கிடையாது. இது அவருக்குக் கடைசிக் கதவு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

"போலாம் மச்சான். ஆனா அண்ணாச்சியாண்ட ஒரு வார்த்த கேட்டுகினு போலாம்" என்றார்.

"இன்னாத்துக்கு? டெஸ்ட்டுல பாஸ் பண்ணு, வேல கெடைக்கட்டும், அப்பால போயி சாவிய வெய்யி. உலகமே அப்டித்தான் செய்யுது."

"திருட்டுத்தனமா எப்டிடா?"

ஐயோ, திருட்டுத்தனமாம்! வேலை தேடுவதைத் திருட்டு என்று நினைக்கிற மனுஷனிடம் என்ன பேசுவது. சரி, ஆள் உருகிவிடக் கூடாதே என்று நானும் கூடப் போனேன்.

அண்ணாச்சிக்கு ஒரு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை விளங்காமல் இருந்தது. மேஜைக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் அனிஷா பக்கத்தில் கம்ப்யூட்டரில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா தொண்டையைக் கனைத்து, "அண்ணாச்சி, ஒரு விசயம்..." என்று இழுத்தார்.

"தெரியும்டே" என்றார் அண்ணாச்சி. "கட்டுப்பள்ளியில ஆள் எடுக்கானாம். நம்ம பயலுவ எல்லாம் ஓடுதானுவ. ஓடட்டும்." இடது கையை நீட்டி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயும் போய்ட்டன்னா மகிழினிய யாருடே ஓட்டுவா?"

நான் மாமாவின் முதுகை விரலால் குத்தினேன். அவருக்கு உறைக்கவே இல்லை. "நா எங்க போவப் போறேன் அண்ணாச்சி" என்றார். அனிஷா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கீழே இறங்கி வந்ததும் மண்டி வாசலில் வைத்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். வீட்டில் அக்கா என்னைவிட அதிகமாகக் கத்தினாள். "யோவ், கால் போனா அந்த அண்ணாச்சியா வந்து உன்ன கக்கூசுக்கு இட்டுகினு போவாரு? நாந்தான்யா போவணும்!" மாமா முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவரை அசைத்தது மகிழினிதான். பிளஸ் டூ படிக்கிற பெண். பள்ளிக்கூடத்தில் 'உம் பேர்ல ஒரு லாரி போவுதே' என்று பையன்கள் கிண்டல் செய்தால், 'ஆமா, எங்க நைனா ஓட்றாரு, உங்க நைனா இன்னா ஓட்றாரு?' என்று திருப்பிக் கேட்கிறவள். அன்றைக்குச் சமையலறையிலிருந்து ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"நைனா, அந்தப் பேருக்கோசரந்தான நீ அங்கயே கெடக்கற? எம் பேருதான அது? நானே போயி சொரண்டிட்டு வரேன். அப்பால போவியா?"

மாமா பிளேடை வாங்கிக் கீழே வைத்தார். "போறேன்மா" என்றார். அக்கா அப்போதே எழுந்து போய் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள்.

வியாழக்கிழமை நான் முன்னாலேயே போய் கட்டுப்பள்ளி கேட்டில் நின்றேன். மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார் என்று அக்கா போன் செய்தாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அவள் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன். திருவொற்றியூர் தாண்டிட்டேன் என்று மாமாவும் பேசினார். ஜார்ஜிடம் அவர் பெயரைச் சொல்லி வைத்தேன். என் முறை வந்தது, ஓட்டிக் காட்டினேன். இறங்கி வந்து பார்க்கிறேன், மாமாவைக் காணோம். போன் போட்டேன். எஞ்சின் சத்தம் கேட்டது.

"மச்சான், எர்ணாவூர் யார்டாண்டயே எறங்கி வண்டிய எடுத்துட்டன்டா. அண்ணாச்சியே போன் பண்ணாருடா, அவரே. ஒரு கன்டெய்னர் பெட்டி இன்னிக்கு ஹார்பருக்குள்ள போவலன்னா கப்பல் போயிடுமாம். வேற ஆளு இல்லியாம்."

"மாமா, உன் கால்ல வுயுறேன். திரும்பி வா. மத்தியானம் வரிக்கும் டைம் கீது."

"கொரல் ஒடஞ்சி பேசறாருடா. எப்டிடா வுட்டுட்டு வர்றது?"

இரண்டு மணிக்கு கேட்டை மூடிவிட்டார்கள். மாமா அந்த இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு எக்ஸ்பிரஸ் ரோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதைவிடக் கொடுமை, துறைமுகம் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தக் கப்பல் வருவதே சனிக்கிழமைதான் என்று சொல்லியிருக்கிறார்கள். "ஆபீஸ்ல ஏதோ தப்பா சொல்லிக்கீறாங்க" என்றார் மாமா. அக்கா அந்தச் சட்டையைத் துவைக்காமல் மூலையில் போட்டுவிட்டாள்.

எனக்கு வேலை கிடைத்தது. சிரிக்காதீர்கள். ஊர் பூரா சாவி வைத்துவிட்டு வந்த நான் பர்மனென்ட். கழுத்தில் அட்டை, காலில் ஷூ. முதல் சம்பளத்தன்று அக்காவுக்கு ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனேன். அவள் வாங்கிக்கொண்டாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் அந்த ஸ்வீட் இறங்கவில்லை.

பொங்கல் முடிந்தது. மாமாவுக்கு வயது தாண்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரிடமிருந்து போன். "அனிஷா பாப்பா பேசிச்சிடா. வண்டிய நல்லாக் கயுவி எர்ணாவூர் யார்டாண்ட இட்டாறச் சொல்லிச்சி. புது பெயின்ட் அடிக்கப் போறாங்கன்னு நெனைக்கிறேன். உனக்கு லீவுதான? வா, சோக்கா கீது இன்னிக்கி நம்ம வண்டி."

போனேன். வண்டி உண்மையிலேயே சோக்காகத்தான் இருந்தது. விடியற்காலையிலேயே கழுவி, பம்பருக்கு எண்ணெய் தடவி, காசிமேட்டில் சாமந்தி மாலை வாங்கி முன்னால் கட்டியிருந்தார். யார்டில் அனிஷாவும், கூடவே வெள்ளை வேட்டி கட்டிய ஒருவரும் நின்றார்கள். கொடுங்கையூரில் நாலு வண்டி வைத்திருக்கும் மாரியப்பன். அவர் வண்டியைச் சுற்றி வந்தார், டயரைக் காலால் உதைத்தார், எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். மாலையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மாமாவை மேலிருந்து கீழே பார்த்தார்.

"வண்டி கண்டிசன் நல்லாக் கீதும்மா. டிரைவரு இவருதானா? ரெண்டும் சேத்துதான பேச்சு?"

"ஆமா" என்றாள் அனிஷா. மாமா பக்கம் திரும்பி, "ஜெயவேல் அண்ணா, அப்பாவுக்கு முடியல. நான் லாரி தொழிலை விட்டுடறேன். நீங்க கவலப்படாதீங்க, இவர்கிட்ட உங்களையும் சேர்த்துத்தான் பேசியிருக்கோம்" என்றாள். அந்தப் பெண் கெட்டவள் இல்லை. நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்துப் பேசினாள்.

"எப்ப பேசினீங்க பாப்பா?" என்று கேட்டார் மாமா.

மாரியப்பன்தான் பதில் சொன்னார். மறைக்க வேண்டும் என்று அவருக்கு என்ன தெரியும்? "கார்த்திகையிலயே பேசியாச்சிபா. பயைய வண்டி, அது மக்கர் பண்ணா புதுசா வர்றவனுக்கு இன்னா தெரியும்? கை பயகின டிரைவரு கூட வந்தாதான் எனக்கு வோணும்னு சொல்லிட்டேன். அந்தாண்ட கட்டுப்பள்ளில ஆள் எடுக்கறாங்களே, ஓடிட மாட்டானான்னு கேட்டேன். அவன் போவ மாட்டான், நா பாத்துக்கறேன்னாரு பெரியவரு. சொன்னா மாதிரியே செஞ்சிட்டாரு, பேச்சு மாறாத மன்சன்."

அனிஷா தரையைப் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. அந்த நிமிஷமே ராயபுரம் போய் அந்தக் கிழவனின் விளங்காத கையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. ஒரு அடி எடுத்து வைத்தேன். மாமா என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மழைத் தண்ணீரில் இறங்கி வந்த மனுஷனையும் போன் பண்ணி வரவழைத்த மனுஷனையும் ஒரே ஆளாகச் சேர்த்துப் பார்க்க முடியாமல் அவர் முழித்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பேர மட்டும் எடுத்துடணும்" என்றார் மாரியப்பன். "எம் பொண்ணு பேரு போடணும். எயில்மொயின்னு."

"நானே எடுக்கறேன்" என்றார் மாமா.

வாட்ச்மேனிடம் ஒரு பிளேடு வாங்கி, வலிக்கிற முட்டியோடு பம்பர்மேல் ஏறினார். ஸ்டிக்கர் வெயிலில் காய்ந்து கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. ஒவ்வொரு எழுத்தாக ஓரத்தில் பிளேடைக் கொடுத்து, கிழியாமல் எடுக்கப் பார்த்தார். எல்லாம் தூள் தூளாகத்தான் வந்தது. அதையும் கீழே விழவிடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் கீழே நின்று அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன.

இறங்கி வந்ததும் என்னை வண்டிக்குப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனார்.

"அசோகா, எனக்கு இது வோணாம்டா."

"வோணாம் மாமா. வுட்டுடு. முட்டிய வெச்சிகினு இனிமே உனக்கு இன்னா லாரி? எங்கனா ஒரு வாட்ச்மேன் வேல பாத்துக்கலாம். நா கீறேன்ல?"

"இன்னாடா சொல்லணும்?"

"இன்னா சொல்லணும்னா?"

"வேலைய வுட்டுப் போறதுன்னா இன்னா சொல்லணும்? நீ எத்தினி பேராண்ட சொல்லிக்கீற. எனக்குத் தெரியாதுடா."

நாற்பத்தாறு வயது மனுஷன் குழந்தை மாதிரி என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் எங்கே யாரிடம் என்ன சொன்னேன்? "ஒண்ணியும் சொல்ல வோணாம் மாமா. மேஜ மேல சாவிய வெய்யி. திரும்பி நட. அவ்ளோதான்."

தலையாட்டினார். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு யார்டு அறைக்குள் போனார். நான் வாசலில் நின்றேன். மாரியப்பனும் அனிஷாவும் மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா நேராகப் போய் சாவியை மேஜைமேல் வைத்தார். சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பு மாமா, திரும்பிடு என்று மனசுக்குள் கத்தினேன்.

மாரியப்பன் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாபா?"

மாமாவின் உதடு இரண்டு தடவை அசைந்தது. கை அந்தச் சாவிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"காலைல எத்தினி மணிக்கு வரணும் ஓனரே?"

"நாலு மணிக்கு வந்துடு" என்றார் மாரியப்பன். மாமா தலையாட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார்.